நூல் தேடிய நாவலர்

அருப்புக்கோட்டையிலிருந்து விருதுநகருக்குச் செல்லும் சாலையில் பாலவனத்தம் என்னும் ஊர் அமைந்துள்ளது. சுற்றிலும் கரிசல் மண். பருத்தியும் கம்பும் சோளமும் மானாவாரியாக விளையும் நிலம். மழை பொய்த்தால் கண்மாய்கள் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கும். மழை பெய்தால் அதே கரிசல் காலைக் கவ்விக்கொண்டு விடாது. இப்பகுதியில் குண்டாற்றின் கரையில் இருப்பது திருச்சுழி. சுந்தரரால் பாடப்பெற்ற பாண்டிநாட்டுத் தலங்களுள் அதுவும் ஒன்று. இன்று இவ்வூர்கள் விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்தவை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலோ இவை சேதுபதிகளின் ஆட்சிக்குட்பட்ட இராமநாதபுரம் சீமையின் பகுதிகளாக இருந்தன.

இவ்வறண்ட நிலம் தமிழகத்திற்கு முரண்பட்ட இருவரை வழங்கியது. ஒருவர் 1879-ஆம் ஆண்டு திசம்பர் 30-ஆம் நாள் திருச்சுழியில் பிறந்து, பின்னாளில் திருவண்ணாமலையில் மௌனத்தையே உபதேசமாக்கிய இரமண மகரிசி. மற்றொருவர் பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். அவர் சொல்லை நம்பியவர், அவைக்களத்தை நம்பியவர். ஒருவர் பேசாமையால் அறியப்பட்டார். மற்றவரோ பேசுவதற்கு முன் செய்யவேண்டிய பணி எவ்வளவு பெரிது என்பதைத் தமிழுலகிற்கு உணர்த்தியதால் அறியப்பட்டார். இங்குக் கூறப்படுவது இரண்டாமவரின் வரலாறு.

பாண்டித்துரைத் தேவர் 1867-ஆம் ஆண்டு மார்ச்சு 21-ஆம் நாள் பிறந்தார். இவருடைய இயற்பெயர் உக்கிரபாண்டியன் என்பதாகும். தந்தையார் பொன்னுசாமித் தேவர், தம் இளவல் முத்துராமலிங்க சேதுபதி மன்னராக விளங்கிய காலத்தில் இராமநாதபுரம் சமஸ்தானத்தின் நிருவாகத்தைத் தாங்கிநின்றவர். அவர் புலமையாளர், புலவர்களைப் புரந்தவர். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் பரிமேலழகர் உரையுடன் திருக்குறளைப் பதிப்பித்தபோது பொருளுதவி புரிந்தவர் அவரே. பல்வேறு புலவர்களின் தனிப்பாடல்கள் திரட்டப்பெற்று நூலாக வெளிவந்ததும் அவருடைய ஆதரவினால்தான்.

ஆறுமுக நாவலர் பெயரை இவ்விடத்தில் நினைவுகூர்வதற்குக் காரணம் உண்டு. தமிழில் மேடைப்பேச்சு என இன்று நாம் அறியும் கலை, முற்காலத்தில் இவ்வடிவில் இல்லை. கோயில் மண்டபங்களில் ஒருவர் புராணச் செய்யுளைப் படிப்பார். மற்றொருவர் அதற்குப் பயன் சொல்வார். இசையோடு கூடிய கதாகாலட்சேபம் நிகழும். ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அதனை வரிசைப்படுத்தி, உரைநடையில் மக்களுக்கு விளக்கிக் கூறும் முறையை நாவலர் 1847-ஆம் ஆண்டு திசம்பர் 31-ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தொடங்கினார். அதனைப் பிரசங்கம் என அழைத்தனர். அப்பிரசங்க மரபும் ஏட்டுச்சுவடிகள் அச்சேறிய வரலாறும் ஒன்றோடொன்று பிணைந்தவை. பேசுபவர்க்கு நம்பகமான மூலம் வேண்டும். அம்மூலத்தைப் பதிப்பிப்பவர்க்கு அதை மக்களிடம் எடுத்துச்செல்லும் பேச்சாளர் வேண்டும். பொன்னுசாமித் தேவரின் மாளிகையில் இவ்விரண்டும் சந்தித்தன.

ஆனால் அச்சூழலைத் தந்தையின் நிழலில் துய்க்கும் பேறு மகனுக்குக் கிட்டவில்லை. பாண்டித்துரையின் மழலைப் பருவத்திலேயே, 1870-ஆம் ஆண்டில், பொன்னுசாமித் தேவர் மறைந்தார். சேஷாத்திரி ஐயங்கார் என்பாரின் பொறுப்பில் சிறுவன் வளர்ந்தான். அழகர்ராஜு என்னும் புலவர் தமிழ் கற்பித்தார். வழக்கறிஞர் வேங்கடேசுவர சாத்திரியார் ஆங்கிலம் கற்பித்தார். தந்தை விட்டுச்சென்ற சொத்துகளுள் அச்சிறுவனை மிகுதியும் உருவாக்கியவை நிலங்கள் அல்ல, நூல்களே எனக் கூறுவது மிகையாகாது.

ஜமீன் பொறுப்பை ஏற்றபின் பாண்டித்துரை, இராமநாதபுரத்தில் தாம் எழுப்பிய சோமசுந்தர விலாசம் என்னும் மாளிகையைப் புலவர்களுக்குத் திறந்துவைத்தார். இரா. இராகவையங்கார் அங்கு வீற்றிருந்தார், இளைஞரான மு. இராகவையங்கார் அங்கு வளர்ந்தார். பூச்சி ஐயங்கார் என மக்கள் அழைத்த இசைவாணர் இராமநாதபுரம் சீனிவாச ஐயங்கார் அங்கு ஆதரிக்கப்பெற்றார். உ. வே. சாமிநாதையர் 1895-இல் புறப்பொருள் வெண்பாமாலையையும் 1898-இல் மணிமேகலையையும் பதிப்பித்தபோது பாண்டித்துரையின் பொருளுதவி துணைநின்றது. இவ்வள்ளன்மைக்கு வேண்டிய பொருள் வானம் பார்த்த அந்தக் கரிசல் நிலத்தின் குடிகள் செலுத்திய தீர்வையிலிருந்து வந்தது என்பதையும் மறந்துவிடலாகாது. பிற ஜமீன்தார் பலர் அத்தீர்வையை எவ்வாறு செலவிட்டனர் என்பதைக் கருதும்போதுதான் பாலவனத்தத்தின் தனித்தன்மை புலப்படும்.

பாண்டித்துரை புரவலர் மட்டும் அல்லர். தாமே சொல்வன்மை மிக்கவர். கம்பராமாயணம், திருக்குறள், சைவ சித்தாந்தம் ஆகிய துறைகளில் அவர் ஆற்றிய சொற்பொழிவுகள் அக்காலத்தில் பெரிதும் மதிக்கப்பெற்றன. அவருடைய சிற்றப்பா மகனும் இராமநாதபுரம் மன்னருமான பாஸ்கர சேதுபதியும் சிறந்த பேச்சாளர். விவேகானந்தர் 1893-ஆம் ஆண்டு சிகாகோ நகரின் சமயப் பேரவைக்குச் செல்ல ஊக்கமளித்தவர்களுள் சேதுபதி முதன்மையானவர். 1897-ஆம் ஆண்டு சனவரியில் விவேகானந்தர் பாம்பனில் வந்திறங்கியபோது வரவேற்றவரும் அவரே. அப்பயணத்தில் இராமநாதபுரம், பரமக்குடி, மானாமதுரை, மதுரை என இவ்வறண்ட சீமையின் வழிநெடுக விவேகானந்தரின் உரைகள் நிகழ்ந்தன. அவை ஆங்கில உரைகள்.

அன்றைய நிலையை இச்செய்தி நன்கு காட்டுகிறது. அரசியல் மாநாடாயினும் கல்விக் கழகமாயினும் கற்றோர் கூடிய மேடையில் ஆங்கிலமே ஒலித்தது. தமிழில் பேசுவது கோயில் மண்டபத்திற்கு உரியது என எண்ணினர். தாமும் ஆங்கிலம் கற்றவராயிருந்தும் பாண்டித்துரை தமிழ்மேடையைத் தேர்ந்துகொண்டார். ஒலிபெருக்கி இல்லாத அக்காலத்தில் பேச்சாளர் தம் குரலால் மட்டுமே அவையை ஆளவேண்டும். கேட்போருள் பெரும்பாலோர் கையில் நூல் இருக்காது. ஆகவே மேற்கோள் காட்டும் செய்யுளைப் பிழையின்றிச் சொல்லி, சொல் பிரித்து, பொருள் விரித்து, முன்னுள்ள செய்தியோடு பொருத்திக் காட்டவேண்டிய கடமை முழுவதும் பேசுபவரையே சார்ந்தது. உணர்ச்சியைத் தூண்டும் பேச்சில் ஒரு சொல் பிறழ்ந்தால் அது காற்றோடு போய்விடும். அறிவூட்டும் பேச்சில் ஒரு சொல் பிறழ்ந்தாலோ, கேட்டவர் அனைவரும் அப்பிழையையே மெய்யெனக் கொண்டு செல்வர்.

இப்பொறுப்பைப் பாண்டித்துரை எவ்வளவு கடுமையாகக் கருதினார் என்பதற்கு அவரைப் பற்றி வழங்கும் ஒரு செய்தி சான்றாகும். ஸ்காட் என்னும் ஆங்கிலேயர் ஒருவர் தமிழ் கற்றார். திருக்குறளில் சில இடங்களில் எதுகையும் மோனையும் பொருந்தவில்லை எனக் கருதி, தம் விருப்பப்படி அவற்றைத் திருத்தி நூலாக அச்சிட்டார். இதனை அறிந்த பாண்டித்துரை அவரைத் தேடிச் சென்றார், எதிர்வாதம் புரியவில்லை. எஞ்சியிருந்த படிகள் அனைத்தையும் விலைகொடுத்து வாங்கினார், வாங்கியவற்றை அழித்துவிட்டார். நூலை அழிப்பது சரியா என இன்றைய வாசகர் வினவக்கூடும். அவ்வினாவில் நியாயம் உண்டு. ஆயினும் மூலநூல்கள் அரிதாகவே கிடைத்த காலத்தில், பிழைபட்ட படி ஒன்று ஓர் ஊருக்குள் நுழைந்தால் அதனை ஒப்பிட்டுத் திருத்த வேறு படி அவ்வூரில் இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. அந்த அச்சமே அவரை அச்செயலுக்குத் தூண்டியது எனலாம்.

அவ்வச்சம் வீண் அன்று என்பதை 1901-ஆம் ஆண்டு மெய்ப்பித்தது.

அவ்வாண்டில் பாண்டித்துரை சொற்பொழிவாற்றும்பொருட்டு மதுரைக்கு வந்து தங்கியிருந்தார். உரைக்குரிய குறிப்புகளைச் சரிபார்ப்பதற்காகக் கம்பராமாயணமும் திருக்குறளும் வேண்டும் எனக் கேட்டார். தம்முடன் அந்நூல்களை அவர் கொண்டுவரவில்லை. மதுரையில் அவை கிடைக்காமலா போகும் என அவர் எண்ணியிருந்தால் அதில் வியப்பில்லை. உடனிருந்தோர் நகரில் உள்ளவர்களிடம் தேடினர். நூல்கள் கிடைக்கவில்லை. சங்கம் வைத்துத் தமிழாய்ந்ததாகப் புகழப்படும் நகரில், திருக்குறள் அரங்கேறியதாக மரபு கூறும் நகரில், ஒரு பேச்சாளருக்குத் திருக்குறள் நூலொன்று எளிதில் கிடைக்கவில்லை.

செய்யுள்களை மனப்பாடமாகக் கொண்டிருந்த ஒருவருக்கு நூல் எதற்கு என்னும் ஐயம் எழலாம். நினைவு நல்ல துணை. ஆனால் பாடவேறுபாட்டை அது தானே கண்டுகொள்ளாது. நாற்பது முறை சொல்லிப் பழகிய செய்யுளில் ஒரு சீர் இடம்மாறி நிற்பதை நாவறியாது, கண்ணே அறியும். அவைக்குச் செல்லுமுன் மூலத்தைத் திறந்து பார்க்கும் வழக்கம் உடையவரே நூல் இல்லாத குறையை உணர்வர். அவ்வழக்கம் இல்லாத எத்தனையோ பேர் அதே மதுரையில் அதற்கு முன்னும் பேசியிருப்பர். அவர்களுக்கு ஒரு குறையும் தோன்றியிருக்காது.

பாண்டித்துரைக்கு அது குறையாக மட்டுமன்றி நாணமாகவும் தோன்றியது. அவ்வாண்டில் மதுரையில் சென்னை மாகாண மாநாடு கூடியபோது, தமிழுக்கென ஒரு சங்கம் நிறுவவேண்டும் என்னும் கருத்தை அறிஞர்களிடம் வெளியிட்டார். மாநாட்டுக்கு வந்திருந்தோர் இசைந்தனர். பாஸ்கர சேதுபதி துணைநின்றார். 1901-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் நாள் மதுரைச் சேதுபதி உயர்நிலைப்பள்ளியில் மதுரைத் தமிழ்ச்சங்கம் தோன்றியது. உ. வே. சாமிநாதையர், பரிதிமாற்கலைஞர், இரா. இராகவையங்கார் முதலிய புலவர் பலர் அதனோடு இணைந்தனர். முன்னைய முச்சங்கங்களின் வழியில் வந்தது எனக் கருதி மக்கள் இதனை நான்காம் தமிழ்ச்சங்கம் என அழைத்தனர்.

சங்கத்தின் உறுப்புகளாக அவர் எவற்றை அமைத்தார் என்பதை நோக்கினால், அன்று நூல் தேடிய பேச்சாளரின் மனம் விளங்கும். பாண்டியன் புத்தகசாலை என்னும் நூலகம் நிறுவப்பெற்றது. தந்தையார் சேர்த்து வைத்திருந்த நூல்களையும் சுவடிகளையும், தாம் தேடிப் பெற்றவற்றையும் அதற்கு வழங்கினார். சேதுபதி செந்தமிழ்க் கலாசாலை என்னும் கல்விக்கூடம் தொடங்கப்பெற்றது. சோழவந்தான் அரசஞ்சண்முகனார், திரு. நாராயணையங்கார் போன்றோர் அங்கு ஆசிரியராக அமர்ந்தனர். பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என மூன்று படிநிலைகளில் தேர்வுகள் நடத்தப்பெற்றன. அச்சகம் அமைந்தது, அரிய நூல்கள் வெளிவந்தன. 1902-ஆம் ஆண்டின் இறுதியில் ‘செந்தமிழ்’ என்னும் திங்களிதழ் மலர்ந்தது. அதன் முதல் ஆசிரியர் இரா. இராகவையங்கார், அவருக்குப் பின் மு. இராகவையங்கார் அப்பொறுப்பை ஏற்றார்.

சங்கத்தின் ஆண்டு விழாக்கள் புலவர் கூடும் அவைகளாக விளங்கின. ஓர் ஊரின் பழம்பெயர் எது, ஒரு குடியின் வரலாறு யாது, ஒரு செய்யுளின் சரியான பாடம் எது என்பன போன்ற பொருள்களை எடுத்துக்கொண்டு சான்றுகாட்டி நிறுவும் முறை அங்கு வளர்ந்தது. மாற்றுக் கருத்துடையோர் எதிருரைத்தனர். கோயில் மண்டபப் பிரசங்கத்தில் கேட்போர் எதிர்வினா எழுப்புவது அரிது. இங்கோ பேசுபவர் ஒவ்வொருவரும் மூலத்தைக் காட்டக் கடமைப்பட்டவர். ஆராய்ச்சிகள் பின்னர் ‘செந்தமிழ்’ இதழில் அச்சாயின. அவைக்கு வராதோரும் படித்து மறுக்க வழி ஏற்பட்டது. பேசிய சொல் எழுத்தில் நிற்கும் என்னும் நிலை வந்தபின் பேச்சாளர்க்குக் கவனம் கூடியது இயல்பே.

இதில் ஒரு குறையையும் சுட்டவேண்டும். ‘செந்தமிழ்’ இதழின் நடை புலவர்க்குரிய நடை. நீண்ட தொடர்களும் அருஞ்சொற்களும் மிக்கது. பாலவனத்தத்தின் பருத்திக்காட்டில் களையெடுத்தவர்க்கு அது எட்டியிருக்க வழியில்லை. மக்கள்முன் எளிய தமிழில் விளக்கிப் பேசும் கலை அடுத்த சில ஆண்டுகளில் வேறிடத்தில், தூத்துக்குடியின் தெருக்களிலும் கடற்கரையிலும், வ. உ. சிதம்பரனாராலும் சுப்பிரமணிய சிவாவாலும் வளர்க்கப்பெற்றது. அங்கும் பாண்டித்துரைக்குத் தொடர்பு உண்டு. 1906-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் பதிவு செய்யப்பெற்ற சுதேசி நாவாய்ச் சங்கத்தின் தலைவர் அவரே. பங்கொன்று 25 உரூபாய் வீதம் 40,000 பங்குகளால் பத்து இலட்சம் திரட்டத் திட்டமிட்ட அக்கப்பல் நிறுவனத்திற்குப் பெரும்பொருள் வழங்கி, தம் பெயரையும் அளித்தார். அரசின் சினத்திற்கு ஆளாகக்கூடும் என்பதை அறியாமல் ஒரு ஜமீன்தார் அதைச் செய்திருக்கமாட்டார்.

சங்கம் தோன்றிய இரண்டே ஆண்டுகளில் பெரிய இழப்புகள் நேர்ந்தன. 1903-ஆம் ஆண்டு நவம்பரில் பரிதிமாற்கலைஞர் மறைந்தார். சென்னைப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலிருந்து தமிழை நீக்க எழுந்த முயற்சியை எதிர்த்து முன்னின்றவர் அவர். அடுத்த திங்களில் பாஸ்கர சேதுபதியும் காலமானார். அவருக்கு வயது முப்பத்தைந்து. வரையாது வழங்கியதால் சேதுபதியின் சமஸ்தானம் கடன்சுமையில் ஆழ்ந்திருந்தது. சங்கத்தின் பாரம் பெரிதும் பாண்டித்துரையின் தோளில் விழுந்தது.

அப்பாரத்தைச் சுமந்தவாறே அவர் இரு தொகுப்புகளுக்கு வழிவகுத்தார். முதலாவது, அவரே தொகுத்த ‘பன்னூற்றிரட்டு’. பல நூல்களில் சிதறிக்கிடந்த செய்யுள்களைப் பொருள்வாரியாக ஒருங்குசேர்த்த திரட்டு அது. கல்வி, கொடை, நட்பு என ஒரு பொருளைப் பற்றிப் பேச எழுபவர், அப்பொருள்பற்றி முன்னோர் கூறியவற்றைத் தேடிப் பல ஏடுகளைப் புரட்டவேண்டிய இடரை இத்தகைய திரட்டு நீக்கும். புலவர்கள் தம் பயிற்சியால் பல்லாண்டுகளில் திரட்டி மனத்தில் மறைத்து வைத்திருக்கும் செல்வத்தை அவர் பொதுவில் வைத்தார். பன்னூற்றிரட்டை இயற்றிய கைகளே சைவச் செய்யுள்களைத் திரட்டிச் ‘சைவமஞ்சரி’ என்னும் நூலையும் தந்தன.

இரண்டாவது, பிறர் உழைப்பைக் காத்த செயல். சென்னையில் ஆசிரியராகப் பணியாற்றிய ஆ. சிங்காரவேலு முதலியார், புராண இதிகாசப் பெயர்கள், புலவர் வரலாறுகள், அரச மரபுகள், சமயம், மருத்துவம், சோதிடம் எனப் பல்துறைச் செய்திகளை அகரவரிசையில் தொகுத்து வந்தார். பல்லாண்டுக்கால உழைப்பு அது. அச்சிட உதவுவார் இன்றி அக்கையெழுத்துப் படிகள் தேங்கிக் கிடந்தன. செல்வர் பலரை நாடியும் பயனில்லை. பாண்டித்துரை அப்பணியை ஏற்றார். ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட ‘அபிதான சிந்தாமணி’ 1910-ஆம் ஆண்டு மதுரைத் தமிழ்ச்சங்க வெளியீடாக வந்தது. தமிழின் தொடக்ககாலக் கலைக்களஞ்சியங்களுள் அது தலைசிறந்தது. ஒரு பெயரின் வரலாற்றை அறிய நான்கு ஊர்களுக்கு ஓலை அனுப்பிக் காத்திருந்த நிலை மாறி, மேசைமேல் உள்ள ஒரு நூலைப் பிரித்தால் போதும் என்னும் நிலை உண்டாயிற்று. இன்றும் சொற்பொழிவுக்கு ஆயத்தம் செய்யும் தமிழாசிரியர் பலர் அந்நூலைத் தேடிச் செல்கின்றனர்.

அந்நூல் வெளிவந்த 1910-ஆம் ஆண்டில்தான் இராமநாதபுரம் தனி மாவட்டமாகப் பிரிக்கப்பெற்றது. அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் பாலவனத்தமும் அதற்குள் அடங்கின. மாவட்டத்தின் புதிய வரைபடத்தில் சோமசுந்தர விலாசத்தின் ஆரவாரம் நெடுநாள் நீடிக்கவில்லை. 1911-ஆம் ஆண்டு திசம்பர் 2-ஆம் நாள் பாண்டித்துரைத் தேவர் தம் நாற்பத்துநான்காம் வயதில் காலமானார். அவர் தலைமை தாங்கிய கப்பல் நிறுவனம் அதற்கு முன்பே வீழ்ந்திருந்தது, வ. உ. சிதம்பரனார் அப்போது சிறையில் இருந்தார்.

மதுரையில் வையையாற்றை ஒட்டிய பகுதியில் ஒரு சாலைக்குத் தமிழ்ச்சங்கம் சாலை என்று பெயர். அச்சாலையில் அவர் தொடங்கிய கலாசாலை செந்தமிழ்க் கல்லூரியாக இயங்கிவருகிறது. அங்குள்ள நூலகத்தில் திருக்குறளும் கம்பராமாயணமும் கேட்டவர் கைக்கு வந்துசேரும்.